அம்மா விழுங்காத மாத்திரைகள்

வெள்ளைக்காரர்கள் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, சோறோ மருந்தோ கேட்டைத் தாண்டக் கூடாது. அம்மா பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போவார். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தேன்.

மாதவிலக்கு நின்ற பிறகு அம்மாவுக்கு உடம்பெல்லாம் காந்தியது, தூக்கம் போனது. கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து வரும் டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் அம்மா வேலைக்குப் புறப்படும்போது ஆஸ்பத்திரி வாசலில் நானே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுப்பேன். ஒரே மாதத்தில் காந்தல் அடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தார். "வயசாவுதுல்லம்மா" என்று வாயை அடைத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு காலை, கேட்டில் சோதனை போட்ட பெண் போலீஸ் அம்மாவின் மடியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே எட்டு மாத்திரை. காட்டுக்குக் கொண்டுபோகிற மருந்து என்று அம்மாவை ஆபீசில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் குற்றத்துக்கு அப்போது சிறைதான். நல்லவேளை, அன்று டாக்டர் வரும் நாள். அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா அழவில்லை. "இது எம் மாத்திரதாங்க ஐயா. நாக்குக்கு அடியில வச்சிருந்து கேட்டத் தாண்டுனதும் துப்பிருவேன். நல்ல மருந்த வீசி எறிய மனசு வரல, மடியில முடிஞ்சு வச்சேன். தெனமும் முடிச்ச வீட்டுல வச்சிட்டுத்தான் வருவேன், இன்னிக்கி எடுத்து வைக்க மறந்துட்டேன்."

"ஏன் துப்புனீங்க?" என்றார் டாக்டர்.

"முன்னெல்லாம் ஆறு நெர மரம் வெட்டிட்டுத்தான் உக்காருவேன். இத முழுங்குனதுலேருந்து ரெண்டாவது நெரையிலயே நெஞ்சு அடைக்குது. எட்டு நாளா முழுங்கல. நேத்து அஞ்சு நெர போனேன் லா."

டாக்டர் அம்மாவின் காலை அழுத்திப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். இந்த மாத்திரை சிலருக்கு உடம்பில் நீர் கோக்க வைக்கும், அது இதயத்துக்குப் பாரம் என்று போலீசிடமே விளக்கி, மாத்திரையை நிறுத்தினார். அம்மாவை விட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா, தன் நெஞ்சின் நிலையை மர வரிசையை வைத்தே கணக்காகக் கண்டுபிடித்திருந்தார். அவர் மேல் எனக்கு அப்படியொரு மதிப்பு வந்தது.

காந்தல் திரும்பி வந்தது. ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அம்மா பழையபடி ஆறு நிரையும் வெட்டினார்.

"துப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொன்னேனே" என்றார்.