அரையிறுதிக்கு முன் கட்டிய காப்பு

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்த சிங்கள மாஸ்டர் ஒருவர், பிள்ளைகளைப் பந்தடிக்க வைத்துப் பார்த்து இவளைத் தெரிந்தெடுத்தார். நுவரெலியாவில் அவர்தான் டென்னிஸ் பழக்கினார். தாய் குவைத்தில் வீட்டு வேலையில் இருப்பதால் போட்டிக்கெல்லாம் நானே கூட்டிப் போவேன்.

அந்த வருஷப் போட்டியில் மகள் அரையிறுதிக்கு வந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். அம்மன் கேட்டுவிட்டாள், பிள்ளை வந்துவிட்டாள். ஆனால் விடாத மழையில் கோர்ட் சேறாகி, போட்டி அடுத்த மாதம் ஆகலாம் என்று மாஸ்டர் சொன்னார். நான் நிம்மதியாக வெள்ளிக்கிழமை கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லை கீழே ஆற்றுப் பாலம்.

ஞாயிற்றுக்கிழமை சுள்ளென்று வெயில் அடித்தது. மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார்.

"செவ்வாய் காலை மேட்ச். அப்பா கட்டாயம் வரணும். ஒங்க மக நல்லா பயம்."

அவர் சொன்னது சரிதான். ஒரு பாயிண்ட் போனால் போதும், இவள் வேலிப் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். வெளியில் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது. தலையாட்டக்கூடப் பயந்து நான் கல்லாக நிற்பேன். பார்த்துவிட்டுத் திரும்பி அடுத்த பந்தைப் போடுவாள்.

"எனக்காகத்தானப்பா கட்டினீங்க? எனக்காக அவுத்துருங்க" என்றாள்.

"அப்படிப் பேசாத தாயி. ஆத்தாவுக்குக் குடுத்த வாக்கு."

"அப்ப ஆத்தாவே வந்து வேலிக்கிட்ட நிக்கட்டும்."

லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் இருக்கும் என் தங்கச்சி சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தாள். "ஆத்தாவுக்கு லீவு எங்கடி கெடைக்கும், திருவிழா நேரத்துல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூசாரியிடம் போய் நின்றேன். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீ அவுத்துட்டுப் போயி, நாளைக்கு ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரச் சொல்லுவாங்க? ஒன்னயா? ஒன் மகளத்தான். கட்டப் பாவாட போட்டு வெளையாடுதுன்னு இப்பவே பேசுறாங்க."

போகாவிட்டால் பிள்ளை வேலிப் பக்கம் பார்த்து ஏமாந்து தோற்பாள். போனால் அவள் பெயர் கெடும். அம்மன் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தையும் வேண்டத் தோன்றவில்லை.

கடைசியில் செவ்வாய்க்கிழமை மகளோடு தங்கச்சிதான் போனாள். "பந்து உள்ள விழுந்தா நல்லதா, வெளிய விழுந்தா நல்லதா, அத மட்டும் சொல்லிருண்ணே" என்று கேட்டுக்கொண்டே பாலத்தைத் தாண்டினாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பெக்டரியில் கொழுந்து கொட்டினேனே தவிர நினைப்பு அங்கே இல்லை. போனில் சிக்னலும் இல்லை. வேலை விட்டதும் பாலத்துக்கு ஓடினேன். பஸ் அந்தக் கரையில் நிற்கும். இரண்டு பேரும் இறங்கினார்கள். பிள்ளையின் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். போய் வாங்கிக்கொள்ள ஒரு கால் எடுத்து வைத்து, அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னாச்சு தாயி?"

"ஜெயிச்சேன். மூனாவது செட்டுல. நாளைக்கு ஃபைனல்."

கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையிலேயே காப்பு இருந்தது. நாளைக்கும் என்னால் போக முடியாது.

"ரெண்டு தடவ வேலிப் பக்கம் பாத்தாண்ணே" என்றாள் தங்கச்சி. "நான் வடை தின்னுக்கிட்டு இருந்தேன். அப்புறம் பாக்கவே இல்ல."

"நாளைக்கும் அத்தையே வரட்டும்" என்றாள் மகள்.

"அப்பாவால வர முடியலன்னு கோவமா?"

"இல்லப்பா. நீங்க நின்னா ஒங்க மொகத்தப் பாக்கத் தோணும். நீங்க எப்பவும் பயந்துபோயே நிக்கிறீங்க."

ஃபைனலில் தோற்றாள். வந்து நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். நான் தீச்சட்டி எடுத்தேன். அம்மன் புண்ணியத்தில் கை சுடவில்லை. காப்பும் அவிழ்த்தாயிற்று.

அடுத்த போட்டி கண்டியில். மாஸ்டர் வேன் பிடித்திருந்தார். "இப்ப நான் வரலாமே" என்றேன்.

"வாங்க. ஆனா வேனுக்குள்ளயே இருங்க."

அப்படியே இருந்தேன். கோர்ட் சுவருக்குப் பின்னால் பந்து அடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. எது அவள் அடித்தது என்று தெரியவில்லை. கதவுப் பிடியில் கை போய்ப் போய் வந்தது. திறக்கவில்லை.