தலைகீழ் ஜாய்ஸ்டிக்

வேங்கிக்காலில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த என் அத்தை மகன் சேகர், தன் பழைய ஜாய்ஸ்டிக்கை என் தலையில் கட்டினான். வீட்டுக்கு வந்து பார்த்தால், அதன் அகலமான பிளக்கைச் செருக என் புதுக் கம்ப்யூட்டரில் இடமே இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன்.

“ஊதுவத்தி ஸ்டேண்டா வச்சிக்கடா” என்றான். கடையே சிரித்தது.

வீட்டுக்கு வந்தேன். மலிவான யூ.எஸ்.பி. கேம்பேடு ஒன்றைப் பிரித்து, அதன் போர்டை ஜாய்ஸ்டிக்குக்குள் வைத்து வயர்களைப் பற்றவைத்தேன். இருந்த கோபத்தில் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. நேராக அவன் கடைக்கே போய் விமான விளையாட்டுக்குப் போட்டி கூப்பிட்டேன். இடப்பக்கம் சாய்த்தால் விமானம் வலப்பக்கம் திரும்பியது. இடம், வலம் திருப்பும் வயர்கள் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். மோதி விழுந்தேன்.

“மலைய எதிர்ப்பக்கமா சுத்துறான் பாரு!” என்று சேகர் கத்தினான். கிரிவலம் போகிற ஊரில் இதைவிடக் கேவலம் வேண்டுமா?

வயரைத் திருத்தவில்லை. வாரக்கணக்கில் என் கையைத்தான் திருத்தினேன். பிறகு போய், “ரெண்டு பேரும் இதே ஜாய்ஸ்டிக்ல ஆடலாம், வா” என்றேன். நான் விமானத்தைப் பத்திரமாக இறக்கினேன். அவன் கிளம்பியதுமே மோதினான். மறுபடியும் மோதினான். இந்த முறை கடை அவனைப் பார்த்துச் சிரித்தது.

“இன்னாடா பண்ண இத?”

“நீ குடுத்ததுதான் மச்சான்.”

இன்று வேறு எந்த ஜாய்ஸ்டிக்கைத் தொட்டாலும் நான்தான் மோதுகிறேன். இரண்டு வயரை மாற்றிவிட்டுக் கையைப் பழையபடி பழக்கினால் போதும். ஆனால் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சேகர் ஆட வருவானே!