அளவு எடுக்காத தோள்

கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களைக் கோயில் காரியத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு தரப்புக்கும் தலைவலிதான். தெரிந்தும் சங்கரி ஒப்புக்கொண்டாள். பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். அவள் கணவன் தினகரன், தெருக் கோயிலில் சாமி வாகனம் தூக்கும் குழுவுக்குத் தலைவன். "லிஸ்ட்டு போட்டுக் குடு, வருஷா வருஷம் சண்டையா இருக்குது" என்றான்.

சண்டை இடத்துக்காக. வாகனத்துக்கு அடியில் கொடுக்கும் நீண்ட மரத்துக்கு வாரை என்று பேர். அதற்குத் தோள் கொடுப்பவர்கள் உயரப்படி நிற்க வேண்டும். நெட்டைகளுக்கு நடுவில் குட்டை நின்றால் அவன் சும்மா நடந்து வருவான். அவன் பாரமும் பக்கத்தில் இருப்பவன் கழுத்தில் விழும். முப்பத்தாறு இடம், நாற்பது பேர். உயரத்தில் கடைசி நாலு பேருக்கு இந்த வருடம் வாரை கிடையாது.

தரையிலிருந்து தோள்வரை டேப் வைத்து சென்டிமீட்டரில் அளந்தார்கள். முப்பத்தொன்பது எண் வந்தது. ஒரு கட்டம் மட்டும் காலி. அது சங்கரியின் அப்பா பஞ்சாட்சரம். அளக்கிற நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தார்.

சங்கரி சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, வரிசையைத் தலைகீழாகத் திருப்பினாள். எண் இல்லாத கட்டத்தை நிரல் கடைசியில் ஒதுக்கும்; திருப்பினால் கடைசி முதலாகிவிடும். படிக்கிற பிள்ளை செய்யும் தப்பு. சரிபார்க்காமல் வாகனக் குழுவின் வாட்ஸப் குரூப்பிலும் அனுப்பிவிட்டாள். முதல் ரேங்க் பஞ்சாட்சரம். இரண்டாவது, ஆறடி இரண்டு அங்குல ராமராஜன்.

"மாமா ஒரே நாள்ல வளந்துட்டாரு பா, என்னா டானிக் குடிச்சாரு?" என்று ராமராஜன் குரல் செய்தி போட்டான். தெருவே சிரித்தது. பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் படியில் விழுந்ததிலிருந்து அவர் முதுகு வளைந்துவிட்டது. தோளுக்கும் வாரைக்கும் நடுவில் துண்டை மடித்து வைத்துச் சமாளித்துவந்தார். முதலில் இரண்டு மடிப்பு, போன வருடம் ஆறு. தினகரனுக்குத் தெரியும். மாமனாரிடம் யார் கேட்பது?

நிரலைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. காலிக் கட்டத்தை என்ன செய்வது என்பதுதான் தீரவில்லை. பூஜ்யம் போட்டால் முப்பத்தொரு வருடம் தூக்கிய மனிதரை மகளே வெளியே தள்ளியதாகும். மற்றவர்களின் சராசரியைப் போட்டால் நடுவில் நிற்பார். ஆபீஸில் தினமும் செய்கிற காரியம்தான். "அதையே போட்டுடு, நான் பாத்துக்கறேன்" என்றான் தினகரன். 137 என்று போட்டாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பஞ்சாட்சரமே வந்து புது வரிசையைப் படித்தார்.

"பதினெட்டாவதா? யார் அளந்தது?"

"யாரும் அளக்கல பா. நானா போட்டேன்."

"எனக்குப் பக்கத்துல யாரு?"

"கலைவாணன்."

"போன வருஷமும் அவன்தான். தோள்ல ரத்தம் கட்டிக்கினு ஒரு வாரம் தறியில ஒக்கார முடியலமா அவனால."

சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். "டேப்ப எடு."

நிமிரப் பார்த்தார், முடியவில்லை. முப்பத்தாறாவது ஆளின் அளவு 126 என்பது சங்கரிக்கு மனப்பாடம். "நூத்தி இருவத்தேழு பா" என்றாள்.

"எங்க, காட்டு."

டேப்பில் 119 இருந்தது. அவர் பார்த்துவிட்டார். சங்கரிக்கு அழுகை வந்தது.

"அதையே போடும்மா."

போட்டாள். நாற்பதாவது ரேங்க். பஞ்சாட்சரம் தன் கைப்பேசியை எடுத்து, குரூப்பில் முதல்முறையாக ஒரு குரல் செய்தி போட்டார்.

"கலைவாணா, இந்த வருஷம் உனக்கு பாரம் கொறையும் பா."