அத்தை மடியில் ஒரு குதிரை

அத்தைக்குக் குதிரை என்றால் உயிர். கல்யாண ஊர்வலம் வந்தால் தெருவே மாப்பிள்ளையைப் பார்க்கும்; அத்தை மட்டும் குதிரையின் லாடத்தைப் பார்ப்பாள். அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை, எனக்குத் திருவிழா. அவள் மடியில் தலைவைத்துப் படுத்தால் காதை நீவிவிடுவாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழ மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் ஒரு கிழட்டுக் குதிரை பிடுங்கிக்கொண்டது. திண்டிவனத்தைத் தாண்டி, அடிபட்ட மாடு, நாய்களையெல்லாம் வைத்துக் காப்பாற்றும் இடம் ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சம்பளமில்லாமல் சாணி அள்ள அத்தை கிளம்பிவிட்டாள். கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போன குதிரையாம். கால் போனதும் யாரோ பைபாஸில் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அதற்கு ராசாத்தி என்று பேர் வேறு. அதுவரை அவளுக்கு ஒரே ராசாத்தி நான்தான். வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிறு அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன். கீற்றுக் கொட்டகையில் மகாராணி கால் நீட்டிப் படுத்திருந்தாள். நாலு பேர் கயிறு போட்டு மறுபக்கம் புரட்டிவிட்டார்கள். ஒருவர் ஈரத்துணியால் முகம் துடைத்தார், இன்னொருவர் ஈ ஓட்டினார். விடிந்தபிறகும் தூங்கினால் வீட்டில் எனக்கு விழும் அடியை நினைத்துக்கொண்டேன். என்ன அநியாயம்.

"சோம்பேறி, அத்தை. எங்கம்மாகிட்ட விடு, ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனா எழுந்துக்கும்" என்றேன்.

"எழுந்துக்க முடியல கண்ணு. குதிரை இப்படிப் படுத்துக்கினே இருந்தா அதோட வெயிட்டே அத அமுக்கிடும்" என்றாள் அத்தை.

நான் நம்பவில்லை. எல்லாம் நடிப்பு.

மதியம் டாக்டர் வந்தார். பையிலிருந்து அவர் எடுத்த ஊசி என் கை நீளம் இருந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. நன்றாகக் குத்தட்டும், எழுந்து ஓடட்டும். ஆனால் அத்தை தரையில் உட்கார்ந்து அந்தப் பெரிய தலையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். அதன் காதை நீவினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ போய் நாய்க்குட்டிங்களோட வெளையாடிக்கினு இரு. நான் கூப்புட்டா வா" என்றாள். காதை நீவும் கை மட்டும் நிற்கவே இல்லை. முறைத்துக்கொண்டே போனேன்.

கூப்பிட வெகுநேரம் ஆயிற்று. திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வாரமும் வரணுமா?"

"இல்ல கண்ணு. வீட்லதான் இருப்பேன்."

ஜெயித்துவிட்டேன். உடனே அவள் மடியில் சாய்ந்தேன். சுடிதாரில் குப்பென்று குதிரை வாசனை. தொலையட்டும், நாளைக்குத் துவைத்தால் போய்விடும் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

அந்தச் சுடிதாரை அத்தை ரொம்ப நாள் துவைக்கப் போடவே இல்லை. கொடியில் அப்படியே கிடந்தது. சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலே என்னைப் பிடித்துத் திட்டும் அம்மா, அதை மட்டும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.