செட்டில் சேர்ந்த கதை

கல்யாணமாகி கோயமுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்த புதிதில் என்னைத் திக்குமுக்காட வைத்த சொல் ‘செட்’. எங்கள் ஊரிலும் அது உண்டுதான், ஆனால் இப்படி எடுத்ததற்கெல்லாம் கிடையாது. விடிந்தால் மாமனார், “செட்டுக்குப் போறேன்” என்று கிளம்புவார். அது தோப்பில் இருக்கும் பம்புசெட். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேள செட் வரும். நாத்தனாருக்குப் பார்த்த வரன் செட் ஆகவில்லை. தெருவில் ஒரு பெரியவர் இன்னொருவரைக் காட்டி, “அவிய எங்க செட்டு” என்றால், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போலீஸில் சேர்ந்தவர்கள்.

எனக்கு வேண்டியிருந்ததோ எங்கள் தெருப் பெண்களின் செட். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது அத்தனை பேரும் ஒரே நிறத்தில் செட் சேலை கட்டுவார்கள். சேலை எடுப்பது, ஜாக்கெட் தைப்பது எல்லாம் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா பொறுப்பு. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில், எங்கோ எல்லையில். பேச ஆளில்லாமல் தவித்த எனக்கு அந்தச் செட்டில் சேர்ந்துவிட வேண்டுமென்று ஆசையான ஆசை. வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. ஆடி பிறந்தது. எல்லோரும் துணிக்கடைக்குப் போய்விட்டுக் கலகலவென்று திரும்பினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

போதாக்குறைக்கு பீரோவிலிருந்த என் ஜாக்கெட் ஒன்றைக் காணோம். அந்த எரிச்சலையும் சேர்த்து அத்தையிடம் சிடுசிடுத்தேன்.

“எங்கயாச்சும் கெடக்கும், பொறவு தேடுவோம்” என்று அத்தை அடுப்படிக்குள் போய்விட்டார்.

தேரன்று காலையில் அக்கா வந்து ஒரு பையை என் கையில் திணித்தாள். உள்ளே மாம்பழ நிறச் சேலை, தைத்த ஜாக்கெட். கூடவே, காணாமல் போன என் ஜாக்கெட்.

“அளவுக்கு உங்க அத்தைதான் கொண்டாந்து குடுத்தாவ. சட்டுனு கட்டிட்டு வாட்டி, பஸ்ஸு போயிரும்.”

தலைகால் புரியவில்லை எனக்கு. ஓடிப்போய்க் கட்டினேன். அப்புறம்தான் வினை தெரிந்தது. அத்தை எடுத்துக் கொடுத்தது நான் கல்லூரியில் போட்ட ஜாக்கெட். அதற்கப்புறம் அதே அத்தை போட்ட சோற்றில் நான் நன்றாகவே பூரித்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கொக்கி மாட்ட முடிந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் வேறு ஜாக்கெட் போடச் சொல்லிவிடுவார்களே, செட் கலைந்துவிடுமே.

தேர் வடத்தை எங்கள் செட் மொத்தமும் வரிசையாகப் பிடித்தது. கூட்டம், வெயில், கோஷம், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூச்சை மறந்து முழு பலத்தோடு இழுத்தேன். முதுகுத் தையல் பர்ரென்று கிழிந்தது.

அப்படியே குறுகி உட்கார்ந்துவிட்டேன். அவமானத்தில் கண் நிறைந்துவிட்டது. தேர் நகர ஆரம்பித்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். வடத்தை விட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். என்னை ஓரமாக அழைத்துப் போய் மாம்பழ நிறத்தில் ஒரு சுவராகச் சுற்றி நின்றார்கள். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகளை ஆளுக்கொன்றாகக் கழற்றி நீட்டினார்கள்.

“வடத்தை விட்டுட்டு இங்க என்னம்மா கூட்டம்?” என்று யாரோ ஒருவர் அதட்டினார்.

“செத்த நேரம் பொறுங்கய்யா. எங்க செட்டுப் பிள்ளைய விட்டுட்டு நாங்க எங்க இழுக்க?”

சொல்லிக்கொண்டே அக்கா என் முதுகில் ஊக்கைக் குத்தினாள். அது தோலிலும் சுருக்கென்று ஏறியது. நான் அசையவே இல்லை.