ஓடிபி போன இடம்

ஒரகடம் கூட்ரோட்டில் நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். அன்றைக்கு அப்படி வந்தவள், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்கிற ஒரு பெண். புருஷன் அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு மணிமங்கலத்தில் ஒரு தோழியின் அறையில் தங்கியிருந்தாள்.

"ரேஷன் கார்டுல இருந்து எங்க ரெண்டு பேரு பேரையும் எடுக்கணும்க்கா. அப்பதான் தனி கார்டு தருவாங்களாமே. பழைய கார்டு அவருகிட்டதான் கீது."

பக்கத்தைத் திறந்து அவளுடைய ஆதார் எண்ணைப் போட்டேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடிபி வரவில்லை. திரையில், அது அனுப்பப்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டும் தெரிந்தன.

"இது உன் நம்பர்தானே?"

அவள் முகம் வெளுத்தது. "அவருதுக்கா. கல்யாணமான புதுசுல பேங்க் வேலைன்னு சொல்லி இட்டுக்கினு போனாரு. அப்பவே மாத்திட்டாரு போல."

"பயப்படாதே. ஆதார் மையத்துல ரேகை வெச்சா போதும், நம்பரை மாத்திடலாம். பழைய போனே தேவையில்ல" என்று சொல்லி, பக்கத்தில் எந்த மையத்தில் டோக்கன் கிடைக்கும் என்று தேடினேன்.

அதற்குள் அவள் புருஷன் வந்துவிட்டான்; ரேஷன் கார்டு ஓடிபி அவன் போனுக்குத்தான் போயிருந்தது. அதே ரோட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவள் பஸ் எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அங்கே இ-சேவை என்று இருப்பதும் என் கடை ஒன்றுதான்.

"இன்னாடி, பேரை எடுக்கறியா?"

கையிலிருந்த ஹெல்மெட்டால் அவள் முகத்தில் அடித்தான். அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். இன்னும் ஓர் அடி. கண்ணுக்கு மேலே கிழிந்து ரத்தம் என் கீபோர்டில் தெறித்தது. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என் தாடையில் ஒரு குத்து விட்டான். பிரிண்டர் மேல் விழுந்தேன், வாயெல்லாம் ரத்தம். தரையில் கிடந்த அவளுடைய வலது கையை ஷூ காலால் மிதித்தான், சிகரெட்டை நசுக்குவது போலத் திருகித் திருகி. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

வரிசையில் நின்றவர்கள் வெளியே ஓடியிருந்தார்கள். உள்ளே வந்தது, அவளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு லைன் பெண்கள். ஒருத்தி இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் முதுகில் போட்டாள். மற்றவள் அவன் தலைமுடியைப் பற்றித் தரையில் சாய்த்தாள். விழுந்தவனை அவர்கள் விடவில்லை. "பொம்பளைய அடிப்பியாடா" என்று கேட்டுக் கேட்டு மிதித்தார்கள். நான் தடுக்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் வந்து பிரிக்காவிட்டால் அவன் அங்கேயே முடிந்திருப்பான்.

போலீஸ் ஸ்டேஷனில் அவன் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். "குடும்ப விஷயம், பேசி முடிச்சிக்கோங்கம்மா" என்றார் ஒரு போலீஸ்காரர். எனக்குத் தாடை அசையவில்லை. புகார் கொடுத்தால் ரசீது தர வேண்டும் என்று சொல்லும் போலீஸ் இணையப் பக்கத்தைப் போனில் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். பார்த்தார். பெண் போலீஸைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்.

கைக்கட்டைப் பிரிப்பதற்கு முன்பே அவள் ஆதார் மையத்துக்குக் கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன். வலது கை மாவுக்கட்டில். வேலையில் தேய்ந்த இடது கை ரேகையை மிஷின் எடுக்கவில்லை.

"கண்ணைக் காட்டுங்க" என்றார் ஆபரேட்டர்.

ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. இன்னொரு கண்ணை இமைக்காமல் விரித்துக் காட்டினாள். நீர் வழிந்தது. மூன்றாவது தடவை மிஷின் ஏற்றுக்கொண்டது.

அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். சில நாட்கள் எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திக் கடையையே முறைத்துக்கொண்டு நிற்பான். அதற்காக ஒரு நாளும் நான் ஷட்டரை இறக்கியதில்லை.

தனி கார்டு வந்த அன்று, வளைந்தபடியே எலும்பு கூடிய விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு என் கடையில் நின்றாள். "குடும்பத் தலைவின்ற இடத்துல என் பேருக்கா" என்றாள்.

அவளுக்கு அன்றைக்கும் நைட் ஷிப்ட் இருந்தது. பஸ் ஹாரன் அடித்ததும் ஓடினாள்.