மழை அழித்த எண்கள்

ஒரு கட்டடத்தைக் கொன்றவள் நான் என்று இருபது வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஆயுதம், ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் சோப்புத் தூளும்.

எங்கள் தீவில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பலகை வாசகசாலை இருந்தது. ஒரு காலத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள் தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கட்டியது. அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தது அங்கேதான். கோயிலுக்குள் நுழைவதைப் போல அதற்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். நிலத்துக்காரர் ஹோட்டல் கட்டப்போவதாகவும், கட்டடம் வேண்டுமென்றால் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்லிவிட்டார். கடலுக்கு அக்கரையில், நிபோங் திபாலில் ஒருவர் இடம் தர முன்வந்தார். இனி வேண்டியது பணம் மட்டும்தான். அந்த 'மட்டும்' ஊரை இரண்டாக்கியது.

பத்திரிகையில் கடிதங்கள், காப்பிக்கடையில் சண்டைகள், வாரம் ஒரு கூட்டம். எங்கள் வீட்டோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, எதிர்க்கட்சி.

"அவ்ளோ வெள்ளிய இந்தப் பழைய பலகையில கொட்டுறதா மச்சான்? அந்தக் காசுல எத்தன புள்ளைங்களுக்கு டியூஷன் வைக்கலாம் லா. இத யாரு வந்து பாக்கப் போறா?"

"பாக்க வேணாம். இருந்தா போதும்" என்பார் அப்பா.

மாமா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

பிரிப்பதற்கு மட்டும் எப்படியோ பணம் சேர்ந்தது. பிரிக்கும் வேலையை எடுத்த குத்தகைக்காரரின் ஆட்கள் ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் எண் எழுதி, லாரி வரும்வரை எங்கள் வீட்டுப் பின்புறத்தில் வெட்டவெளியில் அடுக்கிவிட்டுப் போனார்கள். அந்த எண்களை வைத்துத்தான் திரும்பவும் பொருத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் சட்டம்: புது வீட்டில் பால் காய்ச்சப் போகும்போது, எந்தச் சாமானையும் அழுக்கோடு கொண்டு போகக் கூடாது. வாசகசாலை புது இடத்துக்குப் போகிறதே! ஞாயிற்றுக்கிழமை வாளியோடு உட்கார்ந்துவிட்டேன்.

"மழையே காணோம், தண்ணிய ஏன்டி இப்படி ஊத்துற?" என்று அம்மா சமையலறையிலிருந்தே கத்தினார். வந்து பார்க்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். சாயங்காலத்துக்குள் பலகைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. ஓர் எண் மிச்சமில்லை.

வேலை முடிந்து வந்த அப்பா வெகுநேரம் பலகைகளைப் பார்த்தார். பிறகு ஊறிச் சுருங்கிய என் விரல்களைப் பார்த்தார். அடி விழும் என்று நின்றேன்.

"கைய தொடைச்சிக்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரக் கூட்டத்தில், எண் இல்லாமல் பொருத்துவதென்றால் செலவு இரண்டு மடங்காகும் என்றார் குத்தகைக்காரர். எப்படி அழிந்தது என்று தலைவர் கேட்டார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்பா எழுந்தார்.

"மழைங்க" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "மழைக்கு நாம என்னா செய்ய முடியும் லா, விடுங்க" என்றார் யாரோ. நாற்காலிகள் நகர்ந்தன, தேத்தண்ணீர் வந்தது. அப்பா மட்டும் உட்காராமல் எல்லோர் முகத்தையும் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

லாரி வரவே இல்லை. பலகைகளைக் கறையான் தின்றது. அப்பா சாகும்வரை வாசகசாலையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. குற்றவுணர்வு என் வாயை அடைத்திருந்தது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய கடைவீட்டைப் பிரித்தார்கள். தச்சர் பலகையில் உளியால் எண் செதுக்கிக்கொண்டிருந்தார். சாக்பீஸால் எழுதக் கூடாதா என்று கேட்டேன்.

"திரும்ப மாட்டுற பலகைன்னா உளிதான் கா. தூக்கிப் போடுற பலகைக்குத்தான் சாக்பீஸ்."

அப்படியானால் நான் வாளியை எடுப்பதற்கு முன்பே அவை தூக்கிப் போட்ட பலகைகள்தான்.

அப்பா என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒரு மாதமாக ஒரு துளி விழாத வெக்கையில், வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். "எந்த மழை?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த மழை எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அந்தக் கேள்விக்காகத்தான் அப்பா அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார்.